அளவு சொல்லாத ஆச்சியிடம் சமையல் கற்பது எப்படி?

எண்பது வயதைக் கடந்த உங்கள் ஆச்சி திருநெல்வேலியில் இருக்கிறார், நீங்கள் சென்னையில் வேலை பார்க்கிறீர்கள். அவர் தேங்காய்ப் பாலில் வைக்கும் சொதியையும் குழம்பையும் கற்றுக்கொள்ள ஆசை. தொலைபேசியில் கேட்டால் “கொஞ்சம் போடு, கண் பார்த்துப் போடு” என்கிறார். யூடியூப் பார்த்துச் செய்தால் அந்த ருசி வருவதில்லை. ‘ஆச்சி அன்போடு சமைக்கிறார், அதனால்தான் அந்த ருசி’ என்று அம்மா சொல்வது உண்மையா, பேரனாகிய நான் அதை எப்படிக் கற்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மா சொல்வது உண்மை. அந்த அன்பைக் கண்ணால் பார்க்கலாம், கையால் பழகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆச்சி அடுப்பைப் பற்றவைக்கும்போதே சாப்பிடப்போகிறவர்கள் அவர் மனத்துக்குள் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பல் போன தாத்தாவுக்குக் கஞ்சித்தண்ணீர் விட்டுக் குழைத்த சோறு. சின்னப் பேத்திக்கு, காரம் சேர்ப்பதற்கு முன்பே கிண்ணத்தில் எடுத்து மூடிவைத்த பருப்பு. வாய்ப்புண் வந்த மருமகளுக்குப் புளி சேர்க்காத மணத்தக்காளிக் கீரை. வெயிலில் அலைந்து வருகிற மகனுக்கு நீராகக் கரைத்த மோர். எவ்வளவு மிளகாய், எவ்வளவு புளி, சோற்றை எப்போது வடிப்பது என்ற ஒவ்வொரு முடிவையும் இந்தக் கவனம்தான் எடுக்கிறது. அளவு கேட்டால் அவர் திணறுவதற்கும் இதுவே காரணம். யாருக்கு என்று தெரியாமல் எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியாது. அடுத்த முறை “எத்தனை மிளகாய் ஆச்சி?” என்று கேட்காமல், “நானும் என் அறைத்தோழர்கள் மூன்று பேரும் சாப்பிடுவதற்கு எத்தனை மிளகாய்?” என்று கேட்டுப் பாருங்கள். எண் வந்துவிடும்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி. என் ஆச்சியிடமும், திருமணத்துக்குப் பிறகு என் மாமியாரின் தாயாரிடமும் சமையல் கற்றவள். சிறிய விருந்துகளுக்குச் சமையல் எடுத்துச் செய்வதும், கற்க வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் நேரில் போங்கள். பொங்கலுக்கோ கார்த்திகைக்கோ போகாதீர்கள். அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருக்கும், ஆச்சிக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. சாதாரணச் செவ்வாய், புதன் போதும். போனதும் நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்துவிடாதீர்கள். கேள்வி கேட்கிறவர் முன்னால் முதியவர்கள் பரீட்சைக்கு வந்தவர்களாகிவிடுகிறார்கள், செய்வதை மறந்து ‘சரியான’ பதிலைத் தேட ஆரம்பிக்கிறார்கள். எடுபிடியாக நில்லுங்கள். வெங்காயம் உரியுங்கள், முருங்கைக்காய் நறுக்குங்கள், பாத்திரம் கழுவுங்கள். கைவேலை நடக்கும்போதுதான் ஆச்சிகள் பேசுவார்கள்.

“ஆண்பிள்ளைக்கு அடுக்களையில் என்ன வேலை?” என்று அவர் விரட்டக்கூடும். தேங்காயிலிருந்து தொடங்குங்கள். மட்டை உரிப்பதும், உடைப்பதும், திருகுவதும் வயதான தோளுக்குப் பெரும்பாடு. இரண்டு தேங்காயைத் திருகிக் கொடுக்கிற பேரனை எந்த ஆச்சியும் வெளியே அனுப்பமாட்டார். நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அண்டா அண்டாவாகச் சொதி வைத்த தவசிப்பிள்ளைகள் என்கிற சமையல்காரர்கள் எல்லாரும் ஆண்கள்தான் என்பதையும் அவருக்கு நினைவூட்டலாம்.

அளவு வேண்டும் என்று நீங்கள் நினைப்பது தவறில்லை. சென்னைக்குத் திரும்பியபின் கையில் பிடிப்பதற்கு ஏதாவது வேண்டும். அதை அவரைத் தொந்தரவு செய்யாமல் எடுக்க ஒரு வழி உண்டு. சிறிய மின்னணுத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சமைக்கத் தொடங்குமுன் உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, புளி, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் எடை போட்டு எழுதிவையுங்கள். சமையல் முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் அவர் சொல்லும் ‘கொஞ்சம்’. அவர் அரிசி அளக்கும் டம்ளரில் தண்ணீர் நிரப்பி எத்தனை மில்லி என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரிக் அளவுமுறைக்கான சட்டம் 1956-இல் வந்தது. உங்கள் ஆச்சி அடுப்பருகே நிற்கத் தொடங்கிய காலத்தில் ஆழாக்கும் உழக்கும் படியும்தான் புழக்கத்தில் இருந்தன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்பது பொதுவான கணக்கு. படியோ ஊருக்கு ஊர் பெரிதும் சிறிதுமாக மாறும். அவர் ‘ஒரு உழக்கு’ என்று சொன்னால் இணையத்தில் தேடாதீர்கள், அவர் வீட்டு உழக்கை எடுத்து அளந்து பாருங்கள்.

எடைகளைவிட மதிப்புள்ளது வேறு ஒன்று இருக்கிறது. ஆச்சி எதைப் பார்த்து நிறுத்துகிறார், எதைக் கேட்டு அடுத்த சாமானைப் போடுகிறார் என்பதைக் கவனியுங்கள். “எவ்வளவு நேரம்?” என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. “இப்போது ஏன் தீயைக் குறைத்தீர்கள்?” என்று கேட்டால் காரணம் வரும். வெந்தயம் பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்போது இறக்கிவிட வேண்டும், இறக்கிய பிறகும் சட்டியின் சூடு அதை வறுத்துக்கொண்டே இருக்கும், கறுத்தால் குழம்பு முழுவதும் கசக்கும். புளித்தண்ணீர் கொதிக்கும்போது முதலில் மூக்கைக் குத்துகிற பச்சை வாடை வரும், அது அடங்கி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் குழம்பு ஆயிற்று. சோற்றுப் பருக்கையை இரண்டு விரலால் நசுக்கும்போது நடுவில் வெள்ளைப் புள்ளியாக ஓர் உறுத்தல் இருந்தால் இன்னும் ஒரு கொதி. இவையெல்லாம் அவர் சொல்லாமலே செய்பவை. கேட்டால்தான் வாய்க்கு வரும்.

இனி சொதிக்கு வருகிறேன். நீங்கள் முதலில் கேட்டதும் அதைத்தான், கைப்பக்குவம் வெளிப்படையாகத் தெரிகிற பதார்த்தமும் அதுதான். நெல்லைச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கும் விருந்து சொதிச் சாப்பாடுதான். யாழ்ப்பாணத்திலும் சொதி உண்டு. அங்கே அது இடியப்பத்துக்கும் சோற்றுக்கும் அன்றாடம் ஊற்றிக்கொள்கிற மெல்லிய பாற்குழம்பு, மீன் சேர்த்தும் வைப்பார்கள். பாசிப்பருப்பும் இத்தனை காய்களும் சேர்ந்து விருந்துக் குழம்பாகி நிற்பது நெல்லையில்.

ஐந்தாறு பேருக்கு நடுத்தரத் தேங்காய் இரண்டு வேண்டும். முற்றிய காயாக இருக்க வேண்டும், கொப்பரைப் பக்கம் போய்விடக் கூடாது. திருகிய பூவில் கை பொறுக்கும் சூட்டில் கொஞ்சமே வெந்நீர் தெளித்து அரைத்துப் பிழிந்தால் வருவது முதல் பால். அது கரண்டியின் முதுகில் படிந்து நிற்க வேண்டும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றி முதல் பாலை நீர்க்க எடுப்பதுதான் பெரும்பாலான சொதி கெடும் இடம். அதே சக்கையில் மறுபடி தண்ணீர் சேர்த்து இரண்டாம் பால், பிறகு மூன்றாம் பால் எடுத்துத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு கிராம் பாசிப்பருப்பை வெறும் சட்டியில் வாசனை வருமளவு லேசாக வறுத்துக் குழைய வேகவைக்க வேண்டும். கேரட், பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், முழுதாக உரித்த சின்ன வெங்காயம், பூண்டுப் பல் எல்லாவற்றையும் மூன்றாம் பாலில் வேகவிடுங்கள். ஆச்சி காய்களை ஒரே நேரத்தில் போடுகிறாரா என்று பாருங்கள். போடமாட்டார். பட்டாணியும் பீன்ஸும் முன்னால், உருளையும் முருங்கையும் பின்னால். காய் வெந்ததும் மசித்த பருப்பும் இரண்டாம் பாலும் சேரும். எட்டுப் பச்சை மிளகாயும் இரண்டு விரல்கடை இஞ்சியும் அரைத்த விழுது அதற்குப் பிறகு. மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் இதில் கிடையாது, வெளிர் நிறம் மாறக் கூடாது. இஞ்சியின் பச்சை வாடை போகக் கொதித்ததும் தீயை அடக்கிவிட்டு முதல் பாலை ஊற்ற வேண்டும்.

இந்த இடத்தில் ஆச்சியின் கையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். முதல் பால் கொதிக்கவே கூடாது. கொதித்தால் தேங்காய்ப் பாலிலுள்ள புரதம் திரண்டு, எண்ணெய் தனியாகப் பிரிந்து, சொதி திரிந்துவிடும். ஓரங்களில் நுரை கூடி நடுவை நோக்கி நகரும்போதே அவர் இறக்கிவிடுவார். இறக்கியதும் எலுமிச்சையைப் பிழியமாட்டார், சூடு தணியக் காத்திருப்பார். கொதிக்கிற பாலில் புளிப்பு விழுந்தாலும் திரியும். கடுகு, கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குக் காரக்கறியும் இல்லாமல் சொதியை வைக்காதீர்கள். தேங்காய்ப் பாலின் கனத்தை இஞ்சி இறக்கும் என்பது நம் வீடுகளின் நம்பிக்கை, நாக்குக்கும் அந்தக் காரம் தேவைப்படுகிறது.

இப்போது யாருக்கு என்ற கேள்விக்குத் திரும்புவோம். மாப்பிள்ளைக்கு வைக்கும்போது முதல் பால் தாராளமாக விழும். கொழுப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்த பெரியப்பாவுக்கு அதே ஆச்சி இரண்டாம் பாலோடு நிறுத்திக் கொஞ்சம் தனியாக எடுத்துவைப்பார். காணொளியில் உங்களுக்குக் கிடைப்பது இவற்றில் ஒன்றுதான், அதுவும் உங்களை அறியாத ஒருவர் எடுத்த முடிவு.

உளுந்தங்களியைக் கேட்காமல் திரும்பாதீர்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பது என்று ஆண்களுக்கு அதைச் சொல்லித் தருவதில்லை. நாளைக்கு உங்கள் மனைவிக்கோ மகளுக்கோ தங்கைக்கோ நீங்களே கிண்டிக் கொடுக்கலாம், கற்றுக்கொள்ளுங்கள். தோலோடு வறுத்த கறுப்பு உளுந்து நான்கு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு சேர்த்துத் திரித்த மாவு. கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்ட வேண்டும், மண்ணும் நாரும் இருக்கும். கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி பக்கத்தில்தான் இருக்கிறது, நல்ல சரக்கு எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஆச்சிக்குத் தெரிந்திருக்கும். மாவைக் கரைத்து ஊற்றிச் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், நல்லெண்ணெயை ஒரே முறையில் கொட்டாமல் விட்டுவிட்டு ஊற்ற வேண்டும். கைவிட்டால் அடிபிடிக்கும். முதலில் துடுப்பில் ஒட்டும், பிறகு துடுப்போடு சுருண்டு வரும். ஆச்சி தண்ணீரில் விரலை நனைத்துக் களியைத் தொட்டுப் பார்ப்பார். விரலில் ஒட்டினால் வேகவில்லை. ஒட்டாமல், மேலே பளபளப்பு ஏறி, ஓரத்தில் எண்ணெய் கசிந்தால் இறக்கலாம். அந்தத் தொடுதலை அவர் செய்தவுடன் நீங்களும் தொட்டுப் பாருங்கள். ஒட்டுகிற நிலையில் ஒரு முறை, ஒட்டாத நிலையில் ஒரு முறை. எழுத்தில் என்னால் இதற்கு மேல் சொல்ல முடியாது.

எல்லாம் சரியாகச் செய்தும் சென்னையில் ருசி மாறும். அதற்குக் காரணங்கள் உண்டு. முதல் காரணம் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால் பருப்பு எளிதில் குழையாது. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு திப்பியாக நிற்பது அதனால்தான். பருப்புக்கு மட்டுமாவது குடிதண்ணீரை ஊற்றுங்கள். ஆச்சி கல்லுப்பு போடுகிறார், நீங்கள் அதே கரண்டியால் தூளுப்பு போடுகிறீர்கள். தூள் நெருக்கமாக அடைவதால் ஒரே கரண்டியில் எடை கூடிவிடும். அவருடைய புளி சென்ற ஆண்டு வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்த பழம்புளியாக இருக்கும். புதுப்புளிக்கு நிறமும் வேறு, புளிப்பும் வேறு. ஒரு டப்பாவில் கேட்டு வாங்கி வாருங்கள்.

பாத்திரமும் சேர்த்தி. மண்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் குழம்பு உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். அதனால் ஆச்சி கொஞ்சம் முன்னதாகவே இறக்குவார். நீங்கள் எவர்சில்வரில் செய்தால் இன்னும் இரண்டு கொதி விட வேண்டியிருக்கும். இரசத்துக்கு ஈயச்சொம்பு வைத்திருக்கிறார் என்றால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும், வெறும் சொம்பைத் தீயில் வைத்தால் சொம்பு போய்விடும்.

அம்மியை மிக்ஸி முழுதாக ஈடுசெய்யாது. அம்மி நசுக்குகிறது, மிக்ஸியின் பிளேடு வெட்டுகிறது, சூடும் ஏற்றுகிறது. ஆச்சி துவையல் அரைக்கும் வரிசையைப் பாருங்கள். மிளகாயும் உப்பும் புளியும் முதலில் மைய அரைபடும், தேங்காய் அதன் பிறகு, சின்ன வெங்காயம் கடைசியில் ஒரு நசுக்கு மட்டும். அதே வரிசையில், தண்ணீரை முடிந்தவரை குறைத்து, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டினால் பெரும்பகுதி பிடித்துவிடலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அரைத்தால் கிடைப்பது சட்னி.

சொல்லத் தயக்கமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வயது ஏற ஏற மூக்கும் நாக்கும் மங்கும். எண்பதைக் கடந்தவர் போடும் உப்பு அவருடைய பழைய உப்பாக இல்லாமல் போகலாம். அல்லது இரத்த அழுத்தத்துக்காகக் குறைத்துக் குறைத்து வேறு அளவுக்குப் பழகியிருக்கலாம். அதனால் நீங்கள் எடைபோட்டு எழுதிய உப்பு அளவை உங்கள் அம்மாவிடமும் சித்தியிடமும் சரிபாருங்கள். அவர்கள் அவர் கையால் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் சாப்பிட்டவர்கள். ஆச்சிக்கு முன்னால் இதைப் பேச வேண்டாம், மனம் நொந்துபோவார். இதே காரணத்துக்காக, ‘அடுத்த வருடம் லீவில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றும் தள்ளிப்போட வேண்டாம்.

தப்பிப்போனதை அவர் சரிசெய்யும் விதத்தையும் கேட்டு வாங்குங்கள். குழம்பில் உப்பு ஏறினால் என்ன செய்வார், சொதி லேசாகத் திரிந்தால் என்ன செய்வார், எதிர்பாராமல் நான்கு பேர் வந்துவிட்டால் இரசத்தை எப்படி நீட்டுவார்? எந்தக் காணொளியிலும் இந்த அறிவு கிடைப்பது அரிது. உப்பு ஏறினால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுக்கச் சொல்வார்கள். அது உப்பை மட்டும் தனியாக இழுத்துக்கொள்வதில்லை. தண்ணீரோ பருப்போ தேங்காய்ப் பாலோ சேர்த்து அளவைப் பெருக்குவதுதான் நிச்சயமான வழி. என் ஆச்சி அப்படித்தான் செய்வார். மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்.

ஆச்சியின் அன்பைப் புகழ்கிற நாம் அவர் பட்ட பாட்டையும் பார்க்க வேண்டும். விறகடுப்புப் புகையில் கண் எரிய நின்று, எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததைச் சாப்பிட்ட தலைமுறை அது. ‘அன்பு’ என்று சொல்லி அந்த உழைப்பை நாம் மூடிவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. கற்க வருகிறவர்களிடம் நான் தவறாமல் ஒன்றைக் கேட்பேன்: உங்கள் பாட்டிக்குப் பிடித்த சாப்பாடு என்ன? தாத்தாவுக்குப் பிடித்தது தெரியும், மாமாவுக்குப் பிடித்தது தெரியும், பாட்டிக்குப் பிடித்தது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அவர் மற்றவர்களுக்குப் பிடித்ததையே சமைத்து வந்ததால் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. நீங்கள் கேளுங்கள். “எனக்கு என்ன, எதுவானாலும் சரி” என்பார். விடாதீர்கள். அவர் பிறந்த ஊரில், அவருடைய அம்மா கையால் எதை விரும்பிச் சாப்பிட்டார் என்று கேட்டால் பதில் வரும். அது ஒரு புளித்தண்ணியாக இருக்கலாம், சுட்ட கருவாடாக இருக்கலாம், அவர் திருமணமாகி வந்த வீட்டில் அதுவரை ஒருநாளும் வைக்காத ஒரு கீரையாக இருக்கலாம்.

கற்கும் வரிசை என் கணக்கில் இப்படி: முதல் தடவை போகும்போது துவையலும் இரசமும் மட்டும். இரண்டும் சீக்கிரம் முடியும், உப்பு, புளி, காரம் மூன்றையும் அவர் எங்கே நிறுத்துகிறார் என்பது அவற்றில் தெரிந்துவிடும். அடுத்து புளிக்குழம்பும் கூட்டாஞ்சோறும். சொதியும் களியும் அதற்குப் பிறகு. ஒவ்வொன்றிலும் முதலில் அவர் செய்ய நீங்கள் உதவுங்கள், மறுநாள் நீங்கள் செய்ய அவர் பக்கத்தில் நிற்கட்டும், மூன்றாம் நாள் அவர் திண்ணையில் இருக்க நீங்கள் தனியாகச் செய்யுங்கள். சென்னைக்குத் திரும்பியபின் தொலைபேசியில் கேட்பதானால் காலை ஒன்பது, பத்து மணிக்கு, அவரும் அடுப்பருகே நிற்கும் நேரத்தில் அழையுங்கள். கை ஓடும்போது சொல்வது சரியாக இருக்கும். ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது கேட்டால் மறுபடியும் “கொஞ்சம் போடு”தான்.

தனியாகச் சமைக்கும் அந்த மூன்றாம் நாளில், அவருக்குப் பிடித்ததாகச் சொன்னதைச் சமைத்து, மற்ற எல்லாருக்கும் முன்னால் அவரை உட்காரவைத்துப் பரிமாறுங்கள். “நன்றாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பேரன் என்பதற்காகச் சொல்வார். இன்னும் கொஞ்சம் துருவிக் கேளுங்கள். “உப்பு ஒரு கல் தூக்கல், தாளிப்பில் கடுகு முழுதாக வெடிக்கவில்லை” என்று அவர் ஆரம்பித்தால் உடனே எழுதிக்கொள்ளுங்கள்.